256 பேர் இழுத்த தேர்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்றை வாங்கினீர்கள், அதோடு வந்த டிஸ்க்குகளில் 'மேக்' என்று ஒரு துப்பாக்கி கேம் இருந்தது, போட்டால் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா, 256 பேர் ஒன்றாக ஆடிய கேமை ஏன் மூடினார்கள், ஒரு சர்வரைச் சும்மா ஓடவிட்டு வைப்பதில் அப்படி என்ன செலவு என்று மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். உங்கள் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அந்த கேமின் சர்வர்களை 2014 ஜனவரி 28 அன்று சோனி நிறுத்திவிட்டது. தனியாக உட்கார்ந்து ஆடுவதற்கென்று அதில் கதைப் பகுதி எதுவும் கிடையாது. எனவே அந்த டிஸ்க் இன்று பூட்டில்லாத சாவி. விற்றவருக்கே இது தெரிந்திருக்காது, அவரைத் திட்ட வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. நான் கேம் செய்யும் தொழிலில் இருந்ததில்லை. பதினெட்டு வருடமாக சர்வர்களையும் நெட்வொர்க்கையும் பராமரிக்கும் வேலை. மேக் வந்த சமயத்தில் இங்கிலாந்தில் இருந்தேன், ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் ஆடினேன். ஆகவே சர்வர் பற்றி நான் சொல்வதைத் தொழில் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். சோனியின் உள்மனக் கணக்கு பற்றிச் சொல்லும் இடங்களில் இது ஊகம் என்று குறிப்பிட்டே சொல்கிறேன்.

பெயரைப் பார்த்து ஆப்பிள் கம்ப்யூட்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 'மாஸிவ் ஆக்‌ஷன் கேம்' என்பதன் சுருக்கம் இது. 2008-ல் அமெரிக்காவில் நடந்த இ3 கண்காட்சியில் சோனி இதை அறிவித்தபோது, ஒரே களத்தில் 256 பேர் என்றார்கள். அன்றைக்கு டிவியில் இணைத்து ஆடும் ஷூட்டர்களில், அதாவது துப்பாக்கி கேம்களில், 16 பேர், 24 பேர் என்பதே வழக்கம். 64 என்றால் பெருங்கூட்டம். 256 என்றதும் பாதிப் பேர் நம்பவில்லை, நானும்தான். 2009-ல் அழைப்புக் குறியீடு கிடைத்தவர்கள் மட்டும் சோதனை ஆட்டம் ஆடினார்கள். அந்தக் குறியீட்டுக்கு அலைந்தவர்களில் நானும் ஒருவன், கிடைக்கவில்லை. 2010 ஜனவரி தொடக்கத்தில் எல்லோருக்கும் சில நாட்கள் திறந்துவிட்டார்கள். ஜனவரி 26 அன்று அமெரிக்காவில் கடைக்கு வந்தது. டிவி கேம்களில் அதிகம் பேர் ஒன்றாக ஆடும் ஷூட்டர் என்று கின்னஸிலும் ஏறியது.

எண்ணிக்கையை விட எனக்குப் பிடித்தது அதை அவர்கள் அடுக்கிய விதம். எட்டுப் பேர் ஒரு குழு, நான்கு குழு சேர்ந்தால் 32 பேர் கொண்ட ஒரு பிளட்டூன், நான்கு பிளட்டூன் சேர்ந்தால் 128 பேர். எதிரே இன்னொரு 128. குழுவுக்கு ஒரு தலைவன், பிளட்டூனுக்கு ஒருவன், மொத்தப் படைக்கும் ஒருவன். அத்தனை பேரும் நம்மைப் போல வேலை முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்தவர்கள்தான். குழுத் தலைவன் வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டி 'ஃபிராகோ' என்ற உத்தரவு போடுவான். அந்த இடத்துக்கு அருகே நின்று சண்டை போட்டால் புள்ளிகள் கூடுதலாக விழும். யாரையும் கெஞ்சாமல், திட்டாமல், முன்பின் தெரியாத ஏழு பேரை ஒரே பக்கம் நகர்த்துவதற்கு இதைவிட எளிய வழியை நான் இன்றுவரை வேறு கேமில் பார்க்கவில்லை. அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் நான்கு பேர் வாடகையைப் பங்கிட்டு இருந்தோம், ஆனால் டிவி ஒன்றுதான். நான் குழுத் தலைவனாக இருந்த ஓர் இரவில் பின்னால் நின்று பார்த்த நண்பன், "டேய், இது கேமா, கட்சி மாநாடா?" என்று கேட்டான். ஹெட்செட்டில் நாலைந்து நாட்டு ஆங்கிலம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுவரை உடைத்து உள்ளே நுழைந்ததும் எட்டுப் பேரும் கத்தியதில் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார். அந்த உற்சாகம் பொய்யில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கேம் அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். மண்ணும் தகரமுமாக, நிறம் செத்துப்போய் இருக்கும். அதைப் பற்றி அன்றும் எல்லோரும் குறைதான் சொன்னார்கள்.

இனி அது எப்படி வேலை செய்தது என்பது. இதைப் புரிந்துகொண்டால் ஏன் மூடினார்கள் என்பது பாதி புரிந்துவிடும். ஒரு களத்தில் 256 பேர் ஓடினால், ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற 255 பேருக்கும் சொல்லவேண்டும். 256-ஐ 255-ஆல் பெருக்கினால் 65,280. ஒவ்வொரு நொடியிலும் பல தடவை இத்தனை செய்தி போகவேண்டும் என்றால் அன்றைய வீட்டு இணைப்பு மூச்சுத் திணறிவிடும். அதனால் இப்படிப்பட்ட ஆட்டங்களில் சர்வர் ஒரு சிக்கனம் செய்யும்: உன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற ஆட்களைப் பற்றி மட்டும் உனக்கு அடிக்கடி சொல்லும், மற்றவர்களைப் பற்றி அரிதாகச் சொல்லும் அல்லது சொல்லாமலே விடும். மேக்கின் களங்களே இதற்குத் தோதாக வெட்டப்பட்டிருந்தன. 256 பேர் ஆடும் 'டாமினேஷன்' என்ற முறையில் ஒவ்வொரு பிளட்டூனும் முதலில் தன் மூலையில் தன் எதிர்ப் பிளட்டூனோடு மோதும். எதிரியின் அரண் உடைய உடையத்தான் எல்லோரும் நடுவே வந்து சேர்வார்கள். ஆக, பெரும்பாலான நேரம் உங்களைச் சுற்றி இருந்தவர்கள் 64 பேர்தான். இது ஏமாற்று என்று அன்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது நல்ல பொறியியலாகப் பட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில் நாலாபக்கமிருந்தும் கூட்டம் வந்து குவிகிறபோது கிடைக்கிற உணர்வு இந்த அடைப்பு இருந்ததால்தான் வந்தது.

ஆனால் இதையெல்லாம் செய்ய ஒரு பெரிய சர்வர் நடுவில் நின்றே ஆகவேண்டும். அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் ஆடுகிறவர்களில் ஒருவரின் கேம் பெட்டியே மேட்சை நடத்தும், கம்பெனியின் சர்வர் ஆட்களைச் சேர்த்துவைக்கும் தரகர் வேலை மட்டும் பார்க்கும். 256 பேரை ஒரு வீட்டுப் பெட்டியால் தாங்க முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சர்வர் செலவை விடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஊரில் ஆள் குறைந்தால் தேர் மெதுவாக நகராது, நகரவே நகராது. கணக்குக்காக ஒரு மாலையில் ஒரு பகுதியில் 1,800 பேர் ஆன்லைனில் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (இது நான் போட்ட எண், நிஜப் புள்ளிவிவரம் கிடையாது). பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு மேட்சின் நடுவில் இருப்பார்கள். மீதி 900. மேக்கில் ரேவன், வேலர், ஸ்வெர் என்று மூன்று தனியார் படைகள், நீங்கள் ஒன்றில்தான் சேரமுடியும். எனவே படைக்கு 300. ஆட்ட முறை நான்கு. பங்கு போட்டால் ஒரு முறைக்கு, ஒரு படையில், 75 பேர். டாமினேஷனுக்கு ஒரு பக்கத்துக்கே 128 பேர் வேண்டும். 1,800 பேர் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கேமில், அட்டையில் பெரிதாகப் போட்டு விற்ற அந்த 256 பேர் ஆட்டம் நிரம்பாமல் நிற்கும். நிரம்பாததால் காத்திருப்பு, காத்திருப்பதால் இன்னும் சிலர் வேறு கேமுக்குப் போவார்கள், அதனால் இன்னும் நிரம்பாது. போதாததற்கு, பின்னால் வந்த இண்டர்டிக்‌ஷன், எஸ்கலேஷன் என்ற இரண்டு முறைகளைத் தனிக் காசுக்கு விற்றார்கள். வாங்கியவர், வாங்காதவர் என்று கூட்டம் இன்னொரு தடவை பிளந்தது.

படை மாறுவதும் லேசில்லை. உச்ச நிலைக்கு ஏறி, பிறகு முதலிலிருந்து தொடங்கும்போது மாறலாம், இல்லையென்றால் சேர்த்ததை அழித்துவிட்டுத் தொடங்கவேண்டும். தொடக்கத்தில் ஸ்வெர் படையே அதிகம் ஜெயிக்கிறது என்பது ஆடியவர்களின் பரவலான பேச்சு. நான் வேலரில் இருந்து உதை வாங்கியவன், ஆகவே என் சாட்சியத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் நிரம்பாத பிரச்சினைக்கு வேறு விடை இருந்தது என்பதற்கு கம்ப்யூட்டரில் 2012 நவம்பரில் வந்த பிளானட்சைட் 2 சான்று. அதுவும் மூன்று படை, நூற்றுக்கணக்கானோர் மோதும் ஷூட்டர்தான். ஆனால் அதில் மேட்ச் என்று ஒன்று இல்லை. களம் எப்போதும் திறந்தே கிடக்கும், பத்துப் பேர் வந்தால் பத்துப் பேர் சண்டை, ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் பேர் சண்டை. விளையாடக் காசும் கேட்கவில்லை. மேக்கை மூடிப் பல வருடம் ஆன பின்னும் அது ஓடியது. மேக் காசு கொடுத்து வாங்கவேண்டிய டிஸ்க், அதுவும் ஒரே ஒரு பெட்டியில் மட்டும்.

அந்த 'ஒரே பெட்டி' விஷயத்துக்கு வருகிறேன். மேக் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டுமே உரியது. செய்த ஸிப்பர் இண்டராக்டிவ் என்ற ஸ்டுடியோ அமெரிக்காவின் ரெட்மண்டில் இருந்தது, 2006 முதல் சோனிக்கே சொந்தம். அதற்கு முன் 2002-ல் பிளேஸ்டேஷன் 2-ல் சோகாம் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்து, டிவி கேமில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டே சுடுவதைப் பலருக்குப் பழக்கியவர்கள் இவர்கள். இப்படிச் சொந்த வீட்டுக்காரர் செய்யும் கேமுக்கு இரண்டு வேலை. ஒன்று, தன் காசைத் தானே சம்பாதிப்பது. இரண்டு, "இது எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது" என்று பெட்டியை விற்றுக்கொடுப்பது. அந்த நாளில் மைக்ரோசாஃப்டின் போட்டிப் பெட்டியான எக்ஸ்பாக்ஸில் ஆன்லைன் ஆட வருடச் சந்தா, பிளேஸ்டேஷன் 3-ல் இலவசம். எங்கள் பெட்டியில் இலவசமாக 256 பேர் என்று மார்தட்ட ஒரு கேம் தேவைப்பட்டது. ஆடிய எங்களுக்கும் அந்த மிதப்பு இருந்தது, மறைப்பதற்கில்லை.

ஆனால் ஒரே பெட்டிக்கு மட்டும் என்றால் கதவு ஒன்றுதான் என்றும் பொருள். ஏற்கெனவே ஆள் பசி எடுத்த ஆட்டத்துக்கு மற்ற பெட்டிக்காரர்கள் யாரும் வரமுடியாது. வந்த நேரமும் சரியில்லை. 2009 நவம்பரில் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற ஷூட்டர் வந்து ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. மேக் வந்து ஐந்து வாரத்தில், 2010 மார்ச்சில், பேட்டில்ஃபீல்டு பேட் கம்பெனி 2 வந்தது. என் நண்பர் பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஸிப்பரின் அதிர்ஷ்டமும் கெட்டிருந்தது. அடுத்த கேமான சோகாம் 4 அமெரிக்காவில் 2011 ஏப்ரல் 19 அன்று வெளிவந்தது. மறுநாள், ஹேக்கர்களின் ஊடுருவல் காரணமாக பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்ற தன் ஆன்லைன் சேவை முழுவதையும் சோனி நிறுத்தியது. ஏறக்குறைய 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரம் பாதிக்கப்பட்ட அந்தச் சம்பவத்தில் மூன்று வாரத்துக்கு மேல் யாரும் ஆன்லைனில் ஆடமுடியவில்லை. அந்த மூன்று வாரத்தில் போன கூட்டம் மேக்குக்கு முழுதாகத் திரும்பவில்லை என்பது என் அனுபவம். 2012 மார்ச் இறுதியில் ஸிப்பரையே சோனி மூடிவிட்டது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் மேக், பெற்றவர்கள் இல்லாமல் ஓடியது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. சர்வர் ஓடவிடுவது என்றால் மின்சாரமும் வாடகையும் என்று நினைக்கிறோம். அது சின்னச் செலவு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், பயன்படுத்துகிறவர்கள் முப்பது பேர்கூட இல்லை. ஆனால் அதை மறுதொடக்கம் செய்ய யாருக்கும் தைரியம் இல்லை, திரும்ப எழுந்திருக்குமா என்று தெரியாது. அதற்காகவே பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வைத்திருந்தோம். பழையதை வைத்திருந்ததால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க முடியவில்லை. அடைக்க முடியாததால் அந்த ஒன்றுக்காகத் தனி நெட்வொர்க். நடு ராத்திரி அது விழுந்தால் எழுப்புவதற்கு ஓர் ஆள் முறைவைத்துத் தூங்கவேண்டும். அந்த ஆள்தான் செலவு. மேக் போன்ற ஒன்றில் மேட்ச் சர்வர், ஆட்களைச் சேர்க்கும் சர்வர், எல்லோரின் புள்ளிகளையும் வைத்திருக்கும் டேட்டாபேஸ், சோனியின் உள்நுழைவு முறை என்று பல பாகங்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். செய்த ஸ்டுடியோவே இல்லை என்றபின், 2011-ல் அப்படி ஓர் ஊடுருவலைப் பட்ட கம்பெனி, பழுதுபார்க்க ஆளில்லாத கதவைத் திறந்து வைத்திருக்க விரும்பாது. இந்தக் கடைசி வாக்கியம் ஊகம். ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் மூடத்தான் சொல்லியிருப்பேன்.

பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 2013 நவம்பர் 15 அன்று வந்தது. அதில் பழைய 3-ன் டிஸ்க்குகள் ஓடாது. பத்து வாரம் கழித்து மேக்கும், சோகாமின் இரண்டு கேம்களும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. பெட்டியை விற்றுக்கொடுக்கும் இரண்டாவது வேலை அதோடு முடிந்துவிட்டது என்பதுதான் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது.

மூடியதில் எனக்குக் கோபம் இல்லை. மூடிய பிறகு ஒன்றுமே மிஞ்சாதபடி கட்டியதில்தான் வருத்தம். முன்னால் சொன்ன தரகர் முறை கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹேலோ 2. பழைய எக்ஸ்பாக்ஸுக்கான ஆன்லைன் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களில் சிலர் பெட்டியை அணைக்காமலே ஆடிக்கொண்டிருந்தார்கள். மேட்சை நடத்தியது அவர்களின் சொந்தப் பெட்டிகள் என்பதால் அது முடிந்தது. பெட்டி சூடாகி நின்றும், இணைப்பு அறுந்தும் ஒவ்வொருவராக விழ, கடைசி ஆள் மே மாதம் வரை தாக்குப்பிடித்தார். மேக்கில் அந்தப் பிடிவாதத்துக்குக்கூட இடமில்லை. சோனி சுவிட்சை அணைத்தால் 256 பேரும் ஒரே நொடியில் வெளியே.

ரசிகர்கள் சர்வரைத் திரும்ப எழுதலாமே என்று கேட்பீர்கள். டிஸ்க்கில் இருப்பது உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே. போனில் பேசுகிறவர் பக்கத்தில் நின்று, மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்து எழுதுவது போன்ற வேலை அது. சர்வர் உயிரோடு இருந்தபோது யாராவது நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால் வேலை பாதியாகும். எழுதி முடித்தாலும் தேர் இழுக்க ஆள் வேண்டும். களத்தை கேமே இயக்கும் பொம்மை வீரர்களால் நிரப்பும் வசதியை முதலிலேயே வைத்திருந்தால் நீங்கள் இன்றைக்கு அந்த டிஸ்க்கைப் போட்டு ஏதோ கொஞ்சம் ஆடியிருக்கலாம்.

"காசு கொடுத்து வாங்கியதை எப்படி அணைக்கலாம்" என்ற கேள்வி உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சட்டப்படி நீங்கள் வாங்கியது பிளாஸ்டிக்கையும் ஓர் அனுமதியையும். அனுமதியைத் திரும்ப எடுக்கும் உரிமை அந்தச் சின்ன எழுத்துகளில் இருக்கும். 2024-ல் கான்கார்டு என்ற சோனியின் ஷூட்டர் வெளிவந்து இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டது, ஆனால் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான்கு வருடம் ஓடிய கேமுக்கு அப்படி யாரும் கொடுக்கமாட்டார்கள், கேட்பதும் நியாயமில்லை. ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கேட்பது வேறு: மூடுங்கள், ஆனால் போகும்போது ஏதாவது ஒரு வகையில் ஆடும்படி விட்டுவிட்டுப் போங்கள். அவர்களின் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கொள்கையளவில் நான் அவர்கள் பக்கம். ஆனால் 256 பேர் சர்வரை 'விட்டுவிட்டுப் போவது' எழுதுகிற அளவுக்குச் சுலபமில்லை. முதல் நாளே அதற்காகத் திட்டமிட்டுக் கட்டினால்தான் நடக்கும்.

உங்கள் பெட்டியில் வேறு என்னென்ன டிஸ்க் வந்தது என்று சொல்லவில்லை. கில்ஸோன் 2 இருந்தால் எடுத்து வையுங்கள். அதன் ஆன்லைன் 2018-லேயே போய்விட்டது, ஆனால் முழுக் கதைப் பகுதி இருக்கிறது, பொம்மை எதிரிகளோடு மேட்ச் ஆடும் வசதியும் இருக்கிறது. ரெஸிஸ்டன்ஸ் முதல் பாகத்திலும் கதைப் பகுதி உண்டு, பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைத்து இரண்டு பேராகக் கதையை ஆடலாம். இனி பழைய டிஸ்க் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை பேர் ஆடலாம் என்ற கட்டத்தில் ஆன்லைன் எண் மட்டும் இருந்து, ஒருவர் ஆடலாம் என்ற குறிப்பு இல்லையென்றால் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். மேக் டிஸ்க்குக்கு அவர் தனியாக விலை போட்டிருந்தால் அந்தக் காசை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.